கொடுப்பதற்கு முன் கேட்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசலின் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்பு பொருளாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒரு ரூபாய் கூடக் கணக்கில் தவறவில்லை. கடந்த ஆண்டுகளின் பைத்துல்மால் செலவுத் தொகுப்பை வாசிக்கும்போது, "விதவையர் மற்றும் கைவிடப்பட்ட மகளிருக்குத் தையல் இயந்திரம் வழங்கிய வகையில்" என்று ஒரு வரி வந்தது. நீங்கள் அதைக் கேட்டுக் கடந்து சென்றிருப்பீர்கள். நாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச எழுந்திருக்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ரமளானுக்குச் சில வாரங்கள் இருக்கும் நிலையில், அந்தத் திட்டத்தை ஒரே அமர்வில் முடிவு செய்தோம். நிர்வாகக் குழுவில் ஒருவர் யோசனை சொன்னார், மற்றவர்கள் ஆமோதித்தனர், நாமும் அந்த அமர்வில் இருந்தோம், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. 14 இயந்திரங்கள் வாங்கப்பட்டன. பள்ளிவாசல் முற்றத்தில் பந்தல் போட்டு, பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவராக வந்து பெற்றுக்கொள்ளச் செய்தோம். புகைப்படமும் எடுக்கப்பட்டது. துஆ ஓதியவரும் நாமே.

ஏறத்தாழ எட்டு மாதங்கள் கழித்து, ஒரு ஜனாஸாவிற்காகச் சென்ற தெருவில், அந்த இயந்திரத்தைப் பெற்ற ஒரு சகோதரியின் வீட்டு வாசலில் நின்று நலம் விசாரித்தோம். இயந்திரம் மூலையில் இருந்தது. அதன் மேல் ஒரு பழைய சேலை போர்த்தி, அரிசி மூட்டை வைக்கப்பட்டிருந்தது. நாம் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், குறை சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்குத் தையல் தெரியாது. தெரிஞ்சவங்களே இந்தத் தெருவில் நாலு பேர் இருக்காங்க, அவங்களுக்கே துணி வரலை. எல்லாரும் கடையில் ரெடிமேடு வாங்கிடறாங்க. என் மவனுக்கு வருமானச் சான்றிதழ் வாங்க மூணு தடவை போய் வந்தேன், கூட வர ஆள் இல்லை. விதவைப் பணத்துக்கு மனு எழுதிக் கொடுத்தும் அப்படியே கிடக்கு. அதுக்கு யாராவது வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவருக்குத் தேவைப்பட்டது அரை நாள் துணை. நாம் கொடுத்தது பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள இரும்பு. பிறகு மற்ற வீடுகளையும் விசாரித்தோம். இருவர் நன்றாகத் தைக்கிறார்கள். அவர்கள் முன்பே தையல் கற்றவர்கள். சிலர் வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றுவிட்டனர். மற்றவை மூலையில் கிடக்கின்றன. அந்தச் சகோதரிகள் மீது நாம் குற்றம் காணவில்லை. கேட்காமல் கொடுத்தவர்கள் நாம். "ஹஜ்ரத் கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது" என்று அவர்கள் வாங்கிக் கொண்டார்கள்.

மஷூரா, அதாவது கலந்தாலோசனை, நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்திற்கே 'அஷ்ஷூரா' என்றுதான் பெயர். ஆனால் நாம் மஷூரா என்றால் நிர்வாகிகள் ஐந்து பேர் இஷாவுக்குப் பிறகு தேநீருடன் பேசிக்கொள்வது என்று சுருக்கி வைத்திருக்கிறோம். யாருக்காகத் திட்டம் போடுகிறோமோ அவரும், அந்த விஷயத்தை அறிந்தவரும் அந்த அமர்வில் இருப்பதில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மதரஸாவில் படித்த காலத்திலிருந்து நாம் பலமுறை மிம்பரில் சொல்லியிருக்கிறோம். அப்போதெல்லாம் கலீஃபாவின் இரக்கத்தை எடுத்துக்காட்டவே அதைச் சொன்னோம். அது ஒரு நிர்வாகப் பாடம் என்பது இப்போதுதான் நமக்கு உறைக்கிறது. பைத்துல்மாலிலிருந்து குழந்தைகளுக்கு உதவித்தொகை வழங்க உமர் (ரலி) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே அது உரியது என்பது விதி. ஓர் இரவில், மதீனாவுக்கு வந்து தங்கியிருந்த வணிகக் கூட்டத்தைக் காவல் காக்கச் சென்றபோது, ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் மீண்டும் மீண்டும் சென்று விசாரித்தபோது, எதிரில் நிற்பவர் யாரென்று அறியாத அந்தத் தாய் உண்மையைச் சொல்லிவிட்டார். பால் மறந்த குழந்தைக்கே உதவித்தொகை கிடைக்கும் என்பதால், உரிய காலத்திற்கு முன்பே குழந்தைக்குப் பாலை மறக்கடித்துக் கொண்டிருந்தார். நன்மைக்காக வகுத்த விதி குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்துக் கொண்டிருந்தது. அன்று ஃபஜ்ரு தொழுகையில் அவர்கள் அழுத அழுகையில் ஓதல் கூடத் தெளிவாகக் கேட்கவில்லை என்று வரலாறு கூறுகிறது. பிறந்தது முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று விதி மாற்றப்பட்டது.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. திட்டம் தீட்டியவரே நேரில் சென்று அதன் விளைவைக் கண்டார். அந்தத் தாய்க்கு எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாததால்தான் உண்மை வெளிவந்தது. இமாமும் தலைவரும் செயலாளரும் சேர்ந்து போய், "திட்டம் பயனுள்ளதாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டால், அல்ஹம்துலில்லாஹ் என்ற பதில்தான் வரும்.

சமீப காலத்து உதாரணம் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். நமது அண்டை நாடான வங்கதேசத்தில் நடந்தது அது.

1970ஆம் ஆண்டின் பெரும்புயலும் 1971ஆம் ஆண்டின் போரும் அந்நாட்டைச் சிதைத்திருந்தன. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த கணக்காளரான ஃபஸ்லே ஹசன் ஆபித் அவர்கள், 1972இல் சில்ஹட் பகுதியின் சுல்லா என்னும் ஒதுக்குப்புற ஊர்களில், அகதிகளாகச் சென்று திரும்பிய மக்களுக்கு உதவத் தொடங்கினார். 'பிராக்' என்ற பெயரில் அது வளர்ந்து, உலகின் மிகப்பெரிய தொண்டு நிறுவனங்களுள் ஒன்றானது. 2019 டிசம்பரில் அவர் காலமானார்.

அக்காலத்தில் அந்நாட்டுக் குழந்தைகளை வாரிக்கொண்டு சென்ற நோய்களில் முதன்மையானது வயிற்றுப்போக்கு. அதற்கு மருந்து விலையுயர்ந்ததன்று. உப்பும் இனிப்பும் உரிய அளவில் கலந்த நீரைத் தொடர்ந்து பருகக் கொடுத்தால் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்பதை டாக்காவிலிருந்த காலரா ஆய்வுக்கூடத்தார் 1968இலேயே நோயாளிகளிடம் மெய்ப்பித்திருந்தனர். 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய கலன்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். 100க்கு 30 என்ற அளவில் இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது. ஆகவே மருந்து தெரியும். அதைத் தயாரிக்கும் முறையைக் கிராமத்துத் தாயின் கைக்குக் கொண்டு சேர்ப்பதுதான் தெரியவில்லை.

பிராக் அமைப்பினர் அதை மேற்கொண்டனர். மூன்று விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதை மறக்கமாட்டார். பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று தாய்மார்களுடன் அமர்ந்து, அவர்கள் கையாலேயே கலக்கச் செய்து கற்பித்தனர். ஆயினும் இவர்கள் தங்கள் திறமையை மட்டும் நம்பவில்லை. டாக்கா ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகளை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டனர். தாய்மார்கள் கலந்த கரைசலின் மாதிரிகளை எடுத்து, உப்பு அளவுக்கு மீறியிருக்கிறதா என்று சோதித்தனர். உப்பு மிகுந்தால் அதுவே குழந்தைக்குத் தீங்காகும் என்பதால் இதில் ஊகத்திற்கு இடமில்லை.

பணியாளரின் ஊதியத்தையும் புதிய முறையில் அமைத்தனர். எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்று பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, அந்தத் தாய் கற்றவற்றில் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார், சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். தாய்க்கு நினைவிருக்கும் அளவுக்கே கற்பித்தவருக்கு ஊதியம். நமது மக்தபில் ஓதிக் கொடுப்போருக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வந்தால் நமது நிலை என்னவாகும் என்று நாம் நினைத்துப் பார்த்தோம். (சிரிப்பு)

இவ்வளவு செய்தும் முதற்கட்டத்தில் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. தாய்மார்கள் பாடத்தை ஒப்புவித்தார்கள், ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது மிகச் சிலரே அந்தக் கரைசலைக் கொடுத்தார்கள். நம்மைப் போன்றவர்களாயிருந்தால், "மக்கள் திருந்தமாட்டார்கள்" என்று சொல்லி அறிக்கையை முடித்திருப்போம். அவர்கள் மீண்டும் கிராமத்துக்குச் சென்று கேட்டார்கள்.

கேட்டபோது தெரிந்தது இது. வயிற்றுப்போக்கு என்று இவர்கள் பொதுவாகச் சொன்ன நோய்க்கு அந்தத் தாய்மார்களிடம் நான்கு பெயர்கள் இருந்தன. பால்குடிக் குழந்தைக்கு வருவதற்கு ஒரு பெயர், செரிமானக் கோளாறுக்கு ஒன்று, சீதபேதிக்கு ஒன்று, காலராவைப் போல் நீராகப் போவதற்கு ஒன்று. பணியாளர் பயன்படுத்திய சொல் கடைசி வகையை மட்டுமே குறித்தது. எனவே மற்ற மூன்றுக்கும் இந்த மருந்து இல்லை என்று தாய்மார்கள் விளங்கிக்கொண்டனர். ஒரு சொல்லால் வந்த கேடு அது! அடுத்து, கற்பிக்கும் பணியாளர்களையே கேட்டார்கள். அவர்களில் பலருக்கே அந்த நீரில் நம்பிக்கையில்லை. தமக்கு நோய் வந்தால் மாத்திரையைத்தான் நாடினார்கள். அவர்களை டாக்காவுக்கு அழைத்துச் சென்று, அந்தக் கரைசல் உடலில் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு தாய்மார்களுக்கு முன்னால் தாமே பருகிக் காட்டிக் கற்பிக்கும் நிலை வந்தது. மூன்றாவது காரணம் ஆண்கள். தங்களைக் கேட்காமல் தங்கள் வீட்டுப் பெண்களிடம் யாரோ எதையோ சொல்லிச் செல்கிறார்கள் என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு இருந்தது. எனவே சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைக் கூட்டி விளக்கினார்கள்.

1980இல் பரவலாகத் தொடங்கிய அந்தப் பணி 1990க்குள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டியது. அவர்களைத் திருத்தியது கிராமத்துத் தாய்மார்கள் கொடுத்த ஆலோசனை. அதைக் கேட்டு வாங்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தவர்கள் துறையறிந்தவர்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் வேலை நடந்தது.

அதே அமைப்பினர் கடன் கொடுத்து ஏழைகளை உயர்த்தும் திட்டத்தையும் நடத்தினர். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்தபோது, மிகக் கீழே இருக்கும் குடும்பங்கள் அந்தக் கடன் குழுக்களில் சேரவே இல்லை என்று தெரிந்தது. (வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கு நாம் பேச வரவில்லை, அது தனி விஷயம்.) 2002இல் அத்தகையோருக்கென வேறொரு திட்டம் வகுத்தனர். ஊர் மக்களைக் கூட்டி, தரையில் ஊரின் வரைபடத்தை வரையச் செய்து, எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களையே தரம் பிரிக்கச் சொன்னார்கள். பிறகு பணியாளர் நேரில் சென்று சரிபார்த்தார். தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கு ஆடோ மாடோ கொடுத்ததுடன் விட்டுவிடவில்லை. அது பலன் தரும் வரை உண்பதற்குச் சிறு தொகையும், வளர்க்கும் பயிற்சியும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தவறாமல் வந்து விசாரிக்கும் ஓர் ஆளும் கொடுத்தனர். இந்த முறையை இந்தியா, பாகிஸ்தான் உள்ளிட்ட ஆறு நாடுகளில் சோதித்து, நல்ல பலன் கண்டதாக 2015இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. நாமும் பொருள் கொடுத்தோம். உடன் இருக்க வேண்டிய மற்ற எதையும் கொடுக்கவில்லை.

நம் ஜமாஅத்தில் ஏழைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? ரமளானில் வரிசையில் நிற்பவருக்குக் கொடுக்கிறோம். கையேந்தாத மானமுள்ள ஏழையை அறியாதவர்கள் வசதியுள்ளவர் என்றே எண்ணிவிடுவார்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 273ஆவது வசனம் நமக்கு உணர்த்துகிறது. அத்தகையவர் வரிசையில் நிற்கமாட்டார். அவர் யாரென்று அண்டை வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அவர்களை இதுவரை நாம் கேட்டதில்லை.

இப்போது இன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ள தீர்மானத்துக்கு வருகிறோம். படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளுக்காக, பள்ளிவாசல் வணிக வளாகத்தின் மாடியில் மாலை நேர டியூஷன் மையம் அமைப்பது என்பது தீர்மானம். வளைகுடாவில் இருக்கும் நமது சகோதரர் ஒருவர் மேசை, நாற்காலி, கணினிகளுக்கான தொகையைத் தர முன்வந்திருக்கிறார். அவருடைய நல்லெண்ணத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் கடந்த மாதத்தில் நாம் இஷாவுக்குப் பிறகு அத்தகைய பிள்ளைகள் ஐவரிடம் தனித்தனியாகப் பேசினோம். டியூஷன் வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் காலை முதல் இரவு பத்து மணி வரை மொபைல் கடையில் நிற்கிறார். மாலை ஆறு மணிக்கு அவர் எங்கே வருவார்? ஒருவருடைய அத்தா வாங்கிய கடனுக்கு மகனின் சம்பளம் நேராகப் போகிறது. ஒருவர், வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசித்தபோது எல்லாரும் சிரித்ததற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. மற்ற இருவரும் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர்கள். துணைத்தேர்வு என்று ஒன்று இருப்பதையே அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஐந்து பிள்ளைகள், நான்கு விதமான காரணங்கள். நாற்காலி இல்லாதது எவருடைய காரணமும் அன்று.

ஊகம் எவ்வளவு தூரம் பிழைக்கும் என்பதற்கு இன்னொன்று. முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மதரஸாவில்தான் படிக்கிறார்கள் என்று நாடெங்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு 2006இல் அளித்த அறிக்கையில், பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு மூன்று அல்லது நான்கு பேர்தான் மதரஸாவில் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். மதரஸாவில் ஓதிய நாமே அந்த எண்ணைக் கண்டு வியந்தோம்.

வெளியாரிடம் ஆலோசனை கேட்டால் மஹல்லாவின் குறைகள் வெளியே தெரியுமே என்று சில பெரியோர்கள் நம்மிடம் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆகவே பெயர்களை வெளியிடாமல் காரணங்களை மட்டும் எடுத்துச் செல்வோம். பெயர்ப் பட்டியலைக் கூட்டத்தில் வாசிக்கும் வழக்கத்தையும், உதவி பெறுவோரை மேடையேற்றிப் புகைப்படம் எடுக்கும் வழக்கத்தையும் இந்த ஆண்டோடு நிறுத்திவிட வேண்டும். ஆலோசனைக்குச் செலவாகுமே என்றும் கேட்டார்கள். பெரும்பகுதிக்குச் செலவே இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம்; 1987ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை அளித்திருக்கிறது. சிறு தொழிலுக்கு மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், 1098 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. சமூகப்பணித் துறை உள்ள கல்லூரிகளின் மாணவர்கள் களப்பயிற்சிக்கு இடம் தேடுகிறார்கள். போக்குவரத்து, படிவம், தேநீர் போன்ற சில்லறைச் செலவை ஜகாத் நிதியிலிருந்து எடுக்க நாம் சம்மதிக்கவில்லை. ஜகாத் திரட்டிப் பங்கிடுவோருக்கான பங்கு பற்றி ஃபிக்ஹு நூல்களில் விரிவான விளக்கம் உண்டு. இந்தச் செலவு அதில் அடங்குமா என்ற தர்க்கத்துக்கே இடம் வைக்காமல் சந்தா நிதியிலிருந்து எடுப்போம்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தத் தடை எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தும். பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் கைகொடுப்பது போன்ற சில விலக்குகளே உண்டு. நம் மஹல்லாவில் அப்படி நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைக்காரர்கள் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். நாம் யார் பெயரையும் சொல்லவில்லை. இரண்டொருவர் தனியே வந்து நம்மிடம் பேசினால், அந்தக் குடும்பத்தின் வருமானம் நின்றுபோகாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்.

ஆகவே டியூஷன் மையத் தீர்மானத்தை இரண்டு மாதங்களுக்கு ஒத்திவைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கைவிட வேண்டாம், ஒத்திவைத்தால் போதும். நன்கொடை தரும் சகோதரருக்கு நாமே கடிதம் எழுதிக் காரணத்தைச் சொல்கிறோம். இந்த இரண்டு மாதத்தில் தெரு வாரியாகச் சென்று விசாரிக்க ஆட்கள் வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய சகோதரர்கள் மோதினாரிடம் பெயர் கொடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருந்தால் முதலில் அவர்கள் வரட்டும். பெண்கள் இருக்கும் வீடுகளுக்குப் பெண்களே செல்ல வேண்டும். சகோதரிகள் பெண்கள் மதரஸாவின் ஆலிமாவிடம் பெயர் கொடுங்கள். நிர்வாகிகளும் நாமும் இந்த விசாரணைக்குச் செல்லமாட்டோம். அதற்கான காரணத்தை முன்பே சொல்லிவிட்டோம்.

மேல்தளத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. தையல் இயந்திரத்தை விற்றவர்கள் யாரும் அஞ்ச வேண்டாம். அது உங்கள் உடைமை, யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். வீட்டில் சும்மா வைத்திருப்பவர்கள் தைக்கத் தெரிந்த ஒருவருக்கு அதைக் கொடுக்க விரும்பினால் ஆலிமாவிடம் சொல்லுங்கள். உரிய விலையை ஜமாஅத் உங்களுக்குக் கொடுத்துவிடும். விதவை உதவித்தொகை மனு நிலுவையில் உள்ளவர்கள் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காகிதங்களுடன் பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வாருங்கள். உடன் வருவதற்கு இரண்டு வாலிபர்கள் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.